வாய்க்கால் வரைந்த வரைபடம்

இந்திய நில அளவைத் துறையின் பழைய தலப்பட அடுக்கில் ஆழ்வார்திருநகரி இருக்கும் தாளின் எண் 58 எச்/14. கிழக்குத் தீர்க்கக்கோடு 77 டிகிரி 45 நிமிடத்திலிருந்து 78 டிகிரி வரைக்கும், வட அகலக்கோடு 8 டிகிரி 30 நிமிடத்திலிருந்து 45 நிமிடம் வரைக்கும் உள்ள நிலம் அந்த ஒரு தாளில் அடங்கும். ஆதிச்சநல்லூரின் தாழிக்காடு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரி மூன்றும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. 78 டிகிரிக் கோட்டைத் தாண்டிக் கொற்கைக்கோ பழையகாயலுக்கோ புன்னைக்காயலுக்கோ போக வேண்டுமானால் 58 எல்/2 என்ற அடுத்த தாளை எடுத்து ஒட்ட வேண்டும். பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் தாமிரபரணியின் கடைப்பகுதி இப்படி இரண்டு தாள்களில் கிடக்கிறது. பொறியாளர்கள் 'டோப்போ ஷீட்' என்று சொல்லும் இந்தத் தாள்களை இயற்கையின் படமாகப் பார்ப்பதே வழக்கம்: மலை, மேடு, ஆறு, பள்ளம் இவற்றின் நடுநிலையான பதிவு என்று. கீழ்த் தாமிரபரணிக்கு அந்தப் பார்வை பொருந்தாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். இங்கே தலப்படம் காட்டும் நிலவடிவத்தில் பெரும்பங்கு மனிதர் வெட்டியதும் கட்டியதும். நிலத்தின் சரிவை அளவையாளர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாய்க்கால் வெட்டியவர்கள் அளந்து மண்ணில் எழுதிவிட்டார்கள். அளவையாளர் அதைத் தாளில் படியெடுத்தார்.

இதற்கு முதல் சான்று தலப்படத்தின் பலவீனத்திலேயே இருக்கிறது. தலப்படத்தின் பெருமை சம உயரக் கோடுகளில். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரும் பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அச்சான தாள்களில் இந்தக் கோடுகளுக்கு இடையே வழக்கமான உயர வேறுபாடு ஐம்பது அடி. பாபநாசம் மலையில் இந்த இடைவெளி போதும். அங்கே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே நிலைமை வேறு. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலிருக்கும் அந்த வயல்வெளியில், கடல்வரைக்கும் தேடினாலும் கோடுகள் ஒன்றோ இரண்டோதான் விழும். அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லவே உண்டாக்கிய குறியீடு, ஏற்ற இறக்கம் உயிர்ப்பிரச்சினையாக இருக்கும் இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாமல் போகிறது. நன்செய் விவசாயத்தில் அரையடி வேறுபாடு ஒரு வயலுக்குத் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிக்கும். ஐம்பதடிக் கோடு அந்த அரையடியை எப்படிப் பிடிக்கும்?

ஆனாலும் அந்தத் தாள் ஊமையாகிவிடவில்லை. பழுப்புக் கோட்டை விட்டுவிட்டு நீலக் கோட்டைப் படித்தால் சரிவு முழுவதும் தெரிய வரும். ஆற்றின் தென்கரையில் மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய்கள் புறப்படுகின்றன. அதற்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தென்கால் தென்கரைக்கும் வடகால் வடகரைக்கும் பிரிகின்றன. பாசனக் கால்வாயின் இலக்கணம் எளிது. ஆறு இறங்குவதைவிடக் குறைந்த சரிவில் அது இறங்க வேண்டும். அப்போதுதான் போகப்போக ஆற்றைவிட உயர்ந்து நின்று, தனக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள வயலுக்குத் தண்ணீர் கொடுக்க முடியும். ஆகவே கால்வாய் நிலத்தின் சம உயரத்தை ஏறக்குறையத் தழுவியே வளைந்து போகும். மேடு வந்தால் சுற்றும், பள்ளம் வந்தால் உள்வாங்கும். மேலக்கால் மேலே, தென்கால் கீழே என்று தென்கரையில் அடுக்கடுக்காகச் செல்லும் இந்த நீலக் கோடுகள், அளவையாளர் வரையாமல் விட்ட இடைப்பட்ட உயரக் கோடுகளின் வேலையைச் செய்கின்றன. ஐம்பதடிக்கு ஒரு கோடு போட்ட துறையிடம் இல்லாத நுணுக்கம் வாய்க்காலிடம் இருக்கிறது.

குளக்கரைகள் இதைவிடக் கறாராகப் பேசும். கீழ்த் தாமிரபரணியின் குளங்கள் பெரும்பாலும் தோண்டிய குளங்கள் அல்ல. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை போட்டு, மேற்பக்கத்தைத் திறந்து விட்டவை. பிறையின் வயிறு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அது பள்ளம். பிறையின் இரு நுனிகளும் காட்டும் பக்கம் மேடு. தலப்படத்தில் கரையைக் கறுப்புக் கோட்டில் சிறுசிறு பற்கள் வைத்துக் காட்டுவார்கள். 58 எச்/14லும் 58 எல்/2லும் பற்கள் வைத்த பிறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் ஓர் அம்பு போட்டால் அந்தப் பகுதியின் வடிகால் திசை முழுவதும் கண்முன் விரியும். ஒரு குளத்தின் உபரி நீர் வழியும் மறுகால் எங்கே விழுகிறது, அடுத்த குளம் அதை எங்கே வாங்கிக்கொள்கிறது, கடைசியில் மிஞ்சியது எந்த ஓடை வழியாகக் கடலுக்குப் போகிறது என்பதெல்லாம் தெரிய அந்த அம்புகளைத் தொடர்ந்தால் போதும். தென்கரையில் கடம்பாகுளம், வடகரையில் பெருங்குளம், ஆறுமுகமங்கலம், கோரம்பள்ளம் என்று இந்த வட்டாரத்தின் பெரிய குளங்கள் எல்லாம் இப்படித்தான் சங்கிலியில் நிற்கின்றன. அவற்றின் கரைகள் நின்ற இடமே அந்த நிலத்தின் மட்டக்கணக்கு.

இந்த வலை ஆங்கிலேயருக்கு எவ்வளவு முந்தியது என்பதில் ஐயமில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு அவர்கள் வருவதற்கு முன்னரே இருந்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 1870களின் தொடக்கத்தில் முடிந்தது. அதுவும் புதிதாகப் பாசனத்தைத் தோற்றுவித்ததைவிட ஏற்கனவே இருந்த குளங்களுக்கு உறுதியான தண்ணீரைச் சேர்த்ததே அதிகம். இன்றைய கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்தின் தாமிரபரணிப் பாசனம் 46,107 ஏக்கர். அதில் ஸ்ரீவைகுண்டம் வடகால் 12,800, தென்கால் 12,760, மருதூர் மேலக்கால் 12,762, கீழக்கால் 7,785. பழைய அணையும் புதிய அணையும் நான்கு கால்வாய்களில் இந்த நிலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்த வலையைத் தாளில் வரையாமலே மக்கள் நிர்வகித்தார்கள். கோயில் கல்வெட்டுகளில் நிலக்கொடையின் எல்லைகள் நான்கு திசையிலும் வாய்க்காலையும் குளக்கரையையும் பெருவழியையும் சொல்லி வரையறுக்கப்படும். திருநெல்வேலிச் சீமையில் வயலின் பரப்பை அடியில் சொல்வதைவிட, எத்தனை கோட்டை நெல் விதைக்கலாம் என்ற விதைப்பாட்டில் சொல்வதே பழக்கம். நிலத்தின் இருப்பிடம் தண்ணீரைக் கொண்டும், அளவு விதையைக் கொண்டும் அறியப்பட்ட உலகம் அது. அதில் வரைபடத்துக்குத் தேவை எழவில்லை. நீர்பாய்ச்சியின் தலையிலும் கணக்குப்பிள்ளையின் சுவடியிலும் அது இருந்தது.

வரைபடம் இந்தப் பக்கத்துக்குக் கடல்வழியாகத்தான் முதலில் வந்தது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்க வணிகக் கையேடும் தாலமியின் நூலும் கொற்கையை முத்துக்குளிப்போடு சேர்த்தே அறிந்திருந்தன. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கும் வேண்டியது கரையோரம்தான்: எங்கே நங்கூரம் போடலாம், எங்கே முத்துச் சிப்பிப் பார் இருக்கிறது, எங்கே ஆழம் எத்தனை பாகம். ஆழ்வார்திருநகரியிலேயே அவர்கள் ஒரு சிறு வணிக நிலையம் வைத்திருந்தும், உள்நாட்டின் வாய்க்காலையும் குளத்தையும் வரைய அவர்களுக்கு அக்கறை இருக்கவில்லை. துணியும் முத்தும் கிடைத்தால் போதும். 1825இல் தூத்துக்குடி இறுதியாக ஆங்கிலேயர் கைக்குப் போனபோது கடலின் படம் பல தலைமுறைப் பழக்கமுடையது. ஆற்றின் படம் அப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கடலைப் படமெடுக்க வைத்தது முத்து, நிலத்தைப் படமெடுக்க வைத்தது வரி. இந்த வேறுபாடுதான் பின்னால் வந்த தலப்படங்களில் எது நுணுக்கமாக இருக்கும், எது கைவிடப்படும் என்பதையும் தீர்மானித்தது.

உள்நாட்டு அளவைக்கு ஆள் தயாரித்த இடம் சென்னை. மைக்கேல் டாப்பிங் 1794இல் அங்கே தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அதன் இளைஞர்கள் மாகாணத்தின் மாவட்டங்களைச் சங்கிலியும் திசைகாட்டியும் வைத்து அளந்தார்கள். தாமஸ் டர்ன்புல் 1814ஆம் ஆண்டைய அளவையின் அடிப்படையில் இராமநாதபுரம், திருநெல்வேலி பற்றி எழுதிய புவியியல் விவரணம் அந்தக் காலத்துப் பணியின் வகையைக் காட்டுகிறது: ஊர், சாலை, குளம், குடிகள், விளைச்சல் எல்லாம் ஒரே மூச்சில். இதோடு வேறொரு பணியும் ஓடியது. 1802 ஏப்ரல் 10இல் பரங்கிமலை அருகே அடித்தளக் கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, சில ஆண்டுகளில் தென்கோடி வரைக்கும் வந்தது. மலையில்லாத சமவெளிகளில் லாம்டன் கோயில் கோபுரங்களைத் தன் பார்வை மேடைகளாக்கிக்கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானி ஏற்றும்போது கயிறு அறுந்து அது நசுங்கியது பிரபலமான கதை. இந்தக் கோண அளவு நிலத்துக்கு ஒரு சட்டகம் கொடுத்தது. அந்தச் சட்டகத்தில் மாவட்ட அளவைகளை உட்கார வைத்து, 1827இல் தொடங்கிய 'இந்திய அட்லஸ்' தாள்கள் அங்குலத்துக்கு நான்கு மைல் என்ற கணக்கில் லண்டனில் செதுக்கி அச்சிடப்பட்டன. அந்த அளவில் ஒரு கிலோமீட்டர் அகலக் குளம் நான்கு மில்லிமீட்டர்தான். கரையின் வளைவு தெரியாது, மறுகால் தெரியாது.

குளத்தை அதன் முழு உருவத்தில் பிடித்தது வருவாய் அளவை. 1850களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் தனித் துறையாக நிலைபெற்ற இந்த அளவை, ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்துக் கல் நாட்டியது. மைலுக்குப் பதினாறு அங்குலம் என்பது கிராம வரைபடத்தின் வழக்கமான அளவு. அங்கே அதே ஒரு கிலோமீட்டர் குளம் இருபத்தைந்து சென்டிமீட்டராக விரியும். கரை, உள்வாய், மடை, மறுகால் எல்லாம் தனித்தனி எண்ணோடு நிற்கும். குளம் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, களம், நத்தம் என்ற பிரிவுகள் இன்றைக்கும் பட்டாவிலும் அ பதிவேட்டிலும் தொடர்வது அந்தப் பணியின் நேர் விளைவு. ஆனால் கிராம வரைபடத்துக்கு ஒரு குறை உண்டு. அது ஊர் எல்லையோடு முடிந்துவிடும். எல்லைக்கு அப்பால் பக்கத்து ஊரின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். மற்றதெல்லாம் வெள்ளைத் தாள். பல ஊர்களைக் கடந்து போகும் தென்கால், அத்தனை கிராமப் படங்களிலும் துண்டு துண்டாகத்தான் தெரியும். வரி ஊருக்கு ஊர் வசூலாகிறது. தண்ணீர் அப்படிப் பாய்வதில்லை.

இந்தத் துண்டுகளை ஒட்டி முழு உருவம் கொடுத்தது 20ஆம் நூற்றாண்டின் தலப்படம். 1905ஆம் ஆண்டுவாக்கில் நில அளவைக் குழுவின் பரிந்துரைக்குப் பின் நாடு முழுவதற்கும் அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கில் வண்ணத் தாள்கள் வரையும் திட்டம் வந்தது. சாகுபடி நிலத்துக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம், ஊருக்கும் சாலைக்கும் சிவப்பு, சம உயரக் கோட்டுக்குப் பழுப்பு. பனைக்கென்றே தனி மரக்குறி வைத்ததால், தென்கரை நன்செய்க்கு அப்பால் தேரியின் செம்மணலும் பனங்காடும் எங்கே தொடங்குகின்றன என்பதும் தாளில் தெரிகிறது. தண்ணீர் ஏறிய நிலமும் ஏறாத நிலமும் அந்த மஞ்சளின் ஓரத்தில் பிரிகின்றன. அந்த ஓரத்தை மேலக்காலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம் வாதத்துக்கு நேரடிச் சான்று கிடைக்கும்: பாசன நிலத்தின் எல்லையை நிர்ணயித்தது மண்ணின் வகையோ மழையின் அளவோ மட்டும் அல்ல, கால்வாய் எந்த உயரத்தில் வெட்டப்பட்டதோ அந்த உயரம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. தலப்படம் ஆட்சியின் கருவி, பட்டாளம் நகர்த்தவும் வரி பிடிக்கவும் வரைந்தது, ஊர்ப்பெயர்களைச் சிதைத்தது, பொதுநிலத்தைப் புறம்போக்கு என்று பெயரிட்டு அரசுக்குச் சொந்தமாக்கியது. அதை மக்களின் உழைப்புக்குச் சான்றாக எடுப்பது எப்படி? நோக்கத்தில் தவறு இருந்தது உண்மை. ஆனால் நோக்கம் அளவைப் பொய்யாக்கிவிடாது. அளவையாளர் குளக்கரையைக் கறுப்புப் பற்களோடு வரைந்தது, மழைக்காலத்தில் வண்டியும் குதிரையும் போக அதுவே வழி என்பதால். நோக்கம் வண்டிப்பாதை, பதிவானது கரையின் வளைவு. வாய்க்காலை வரைந்தது, அதைக் கடக்கப் பாலம் வேண்டும் என்பதால். பதிவானது அதன் போக்கு. தன் தேவைக்காகச் சாட்சி சொன்னவர் தனக்கு அக்கறையில்லாத விஷயத்திலும் உண்மை சொல்லியிருக்கிறார். அக்கறையில்லாத இடத்தில் பொய் சொல்லக் காரணமும் இல்லை என்பதால், குளத்தைப் பொறுத்தவரை தலப்படம் நம்பத்தக்கது. குறை இருப்பது அது எதை வரையவில்லை என்பதில். யாருக்கு முதல் தண்ணீர், யாருக்குக் கடைமடை, எந்த மடையை யார் திறப்பது, பஞ்சத்தில் முறை எப்படி மாறும் என்பவை எந்தத் தாளிலும் இல்லை. அவை ஊர் மாமூலில் இருந்தன.

இரண்டாவது மறுப்பு அந்த மாமூலிலிருந்தே எழும். வாய்க்காலைச் சரிவு மட்டும் தீர்மானிக்கவில்லை, அதிகாரமும் தீர்மானித்தது என்பார்கள். கோயில் நிலத்துக்கும் பெரிய பண்ணைக்கும் அருகே வாய்க்கால் வளைந்து போயிருக்கும். எளியவர்களின் சேரியையும் வயலையும் அது ஒதுக்கியிருக்கும். ஆகவே வாய்க்கால் கோட்டைச் சம உயரக் கோடாகப் படிப்பது பிழை என்பது அந்த வாதம். இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கீட்டில் அதிகாரம் புகுந்தது. கிளைவாய்க்கால்கள் எந்த வயலுக்கு முதலில் திரும்பின என்பதிலும் அது தெரியும். ஆனால் எவ்வளவு பெரிய அதிகாரமும் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற முடியாது. தாய்க்காலின் போக்கில் ஆதிக்கத்துக்கு விட்ட இடம் மிகக் குறுகியது. ஓரிரு அடி மேலோ கீழோ போனால் கால் வறளும் அல்லது உடையும். எனவே தாய்க்காலைச் சரிவுக்கும் கிளைக்காலை அதிகாரத்துக்கும் சான்றாகப் பிரித்துப் படித்தால் இரண்டும் கிடைக்கும். முதலாவதற்குத் தலப்படம் போதும். இரண்டாவதற்குக் கிராம வரைபடமும் அ பதிவேடும் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இன்றைய தொழில்நுட்பத்தினுடையது. செயற்கைக்கோள் இருக்கும்போது நூறாண்டுப் பழைய காகிதம் எதற்கு? 2000ஆம் ஆண்டு விண்கல ராடார் பணி உலகின் பெரும்பகுதிக்கு உயர அளவைக் கொடுத்துவிட்டது. அதை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த அளவில் சில மீட்டர் பிழை சகஜம். மலைக்கு அது பொருட்டில்லை. ஆழ்வார்திருநகரி வயல்வெளியில் ஒரு குளத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ்க்கரைக்கும் இடையே உள்ள வேறுபாடே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். அதோடு ராடார் வாழைத்தோட்டத்தின் தலையையும் பனையின் உச்சியையும் நிலமட்டமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுக்கும் அளவை இதைச் சரிசெய்யும் என்பது உண்மை. அப்படி எடுத்தால் நல்லது. அப்போதும் ஒரு குறை மிஞ்சும். எந்தக் கருவியும் இன்றைய நிலத்தைத்தான் பார்க்கும். மண் நிரப்பி மனையாக்கிய உள்வாயையும், சாலையாக மாறிப்போன மறுகாலையும் அது காணாது. அவற்றைக் கண்டவர்கள் பழைய அளவையாளர்கள் மட்டுமே. பழைய தாளையும் புதிய உயர அளவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் எது காணாமல் போயிற்று என்பது தெரியும்.

தலப்படத்தால் முடியாததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கொற்கை ஒருகாலத்தில் கடல்துறை. இன்று அது கடலிலிருந்து சில மைல் உள்ளே வயலுக்கு நடுவே நிற்கிறது. கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில் இதற்குச் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது: ஆறு கொண்டு வந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது, கொற்கை தூர்ந்தபோது துறை பழையகாயலுக்கு நகர்ந்தது, அதுவும் தூர்ந்தபோது புன்னைக்காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ கண்ட காயலும் இந்தத் தொடரில்தான் வருகிறது. தலப்படங்களை வைத்து இந்த நகர்வை நிரூபிக்க முயல்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். முந்திய அளவைகளையும் சேர்த்தாலும் அவற்றின் வயது ஏறக்குறைய இருநூறு ஆண்டு. கொற்கைக்கும் கடலுக்கும் நடந்த வழக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. அதற்குச் சான்று மண்ணடியில் கிடைக்கும் சிப்பியும் பானையோடும் அகழாய்வும்தான். ஒவ்வொரு சான்றுக்கும் எட்டும் காலம் இவ்வளவுதான் என்று தெரிந்து பயன்படுத்துவதே வரலாற்றின் ஒழுங்கு. தலப்படத்துக்கு எட்டும் காலத்தில் கடற்கரை பெரிதாக மாறவில்லை; குளங்களும் வாய்க்கால்களும் மாறின. அந்த மாற்றத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

இந்தச் சாட்சி எவ்வளவு அவசரமானது என்பதை 2023 டிசம்பர் காட்டியது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளக்கரைகள் பல உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் அகப்பட்டுக்கொண்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த சரளையை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. இவ்வளவு மழைக்கு எந்த அமைப்பும் முழுதாகத் தாக்குப்பிடிக்காது. அதை ஒப்புக்கொண்டே மற்றதைப் பேச வேண்டும். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்பது தற்செயல் அல்ல. திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை 1923இல் வந்தது. அது தென்கரை வயல்வெளியின் ஊடாக மேடையிட்டுச் செல்லும் நீண்ட கரை. தேரிப் பக்கமிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒவ்வொரு ஓடைக்கும் அதன் அடியில் ஒரு கண் வேண்டும். அதற்குமுன் எடுத்த அளவையில் எத்தனை ஓடைகள் அந்தக் கோட்டைக் கடந்தன, இன்றைக்கு எத்தனை கண்கள் திறந்திருக்கின்றன என்ற எளிய ஒப்பீட்டுக்குப் பழைய தாளும் கிராம வரைபடமும் போதும். சாலைகளுக்கும் புதிய மனைப்பிரிவுகளுக்கும் இதே சோதனையைப் போடலாம்.

இந்தச் சோதனை ஏன் வழக்கமாகவில்லை என்பதற்கு ஒரு காரணம் தாள்கள் கைக்கு எட்டாமல் இருந்தது. கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்தின் நுணுக்கமான தலப்படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கட்டுப்படுத்தப்பட்டன. கீழ்த் தாமிரபரணி முழுவதும் அந்த வளையத்துக்குள் விழுந்தது. ஆழ்வார்திருநகரியின் விவசாயி தன் குளத்தின் தலப்படத்தை வாங்க முடியாமல் இருந்தது. அதே நிலத்தை அமெரிக்க இராணுவம் 1950களில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவில் அச்சிட்ட தாள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் யாருக்கும் கிடைத்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான தாளைப் பாதுகாப்புத் தாளிலிருந்து பிரித்து ஓரளவு வழிவிட்டது. 2021 பிப்ரவரியில் வந்த விதிகள் பெரும்பாலான கட்டுப்பாட்டைத் தளர்த்தின. ஆனால் இந்தத் திறப்பு புதிய தரவைப் பற்றியது. பழைய பதிப்புகளும் கிராம அளவைப் படங்களும் இன்னும் பல அலுவலகங்களின் பதிவறைகளில் பிரிந்து கிடக்கின்றன. 2007ஆம் ஆண்டு தமிழ்நாடு குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் குளங்களை அளந்து எல்லை காட்ட வேண்டும் என்கிறது. அந்த எல்லையை எதை வைத்துக் காட்டுவது? இன்றைய கரையை வைத்துக் காட்டினால், முன்னரே சுருங்கிவிட்ட குளம் சட்டப்படி சிறிய குளமாகிவிடும்.

பழைய படத்தை அப்படியே நிலத்தின் உண்மையான நிலை என்று பிடித்துக்கொள்வதும் ஆபத்துதான். அதுவும் ஒரு நாளின் நிலையே. ஸ்ரீவைகுண்டம் அணைக்கு முந்திய நிலை வேறு, பிந்திய நிலை வேறு. இன்று தாமிரபரணியின் உபரி நீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலத்துக்குக் கொண்டுபோகும் வெள்ளநீர்க் கால்வாய் வெட்டப்பட்டு, நூறாண்டுத் தாள்களில் இல்லாத புதிய நீலக் கோடு ஒன்றும் சேர்ந்துவிட்டது. எந்த ஆண்டு நிலையையும் புனிதமாக்கத் தேவையில்லை. வேண்டியது வரிசை: 58 எச்/14, 58 எல்/2 தாள்களின் எல்லாப் பதிப்புகளும், அவற்றுக்குள் அடங்கும் எல்லா ஊர்களின் கிராம வரைபடங்களும் ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி, யாரும் பார்க்கும்படி இருப்பது. அப்படி வைத்தால், எந்தக் குளம் எந்தப் பத்தாண்டில் எவ்வளவு சுருங்கியது, எந்த மறுகால் எந்தச் சாலைக்கு அடியில் போயிற்று என்பது ஒருவர் சொல்லக் கேட்க வேண்டிய செய்தியாக இராது. தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் விவசாயியே எண்ணிச் சொல்லும் கணக்காகிவிடும்.

வாதத்தின் பயன் இங்கேதான் வருகிறது. தலப்படத்தை இயற்கையின் படமாகப் படிக்கிறவருக்குக் குளம் ஒரு நீலத் திட்டு. நிலமதிப்பு ஏறும்போது அதை நிரப்பினால் இழப்பு கொஞ்சம் தண்ணீர் மட்டும். மனிதர் எழுதிய சரிவின் பதிவாகப் படிக்கிறவருக்கு ஒரு குளக்கரை அந்தச் சமவெளியின் மட்டக் குறிப்பு, ஒரு மறுகால் அதன் வடிகால் வாக்கியம். அதை அழிப்பவர் அடுத்த குளத்துக்கான பாதையையும், அதற்கடுத்த ஊருக்கான பாதுகாப்பையும் சேர்த்தே அழிக்கிறார். ஐம்பதடிக்கு ஒரு கோடு போட்ட துறைக்கு அந்த நுணுக்கம் தெரிய வாய்ப்பில்லை. கரை போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. கீழ்த் தாமிரபரணியில் இனி ஒரு சாலையோ பாலமோ மனைப்பிரிவோ வரைவதற்கு முன், அதன் பொறியாளர் பழுப்புக் கோடுகளைத் தேடி ஏமாறாமல், பற்கள் வைத்த கறுப்புப் பிறைகளை எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றின் மறுகாலுக்கும் வழிவிட்டிருக்கிறோமா என்று கேட்டால் போதும். அந்தச் சமவெளியின் உயர அளவை அதில்தான் இருக்கிறது.